பானைக்கு அடியில் இருந்த பாட்டில்

இன்று ஜெயங்கொண்டத்தில் பஸ் கிளம்புமுன் நான் இன்சுலின் போட்டுக்கொண்டதைப் பக்கத்து சீட் அம்மா பார்த்துவிட்டார்.

"இதை வச்சிக்கிட்டு தனியா வர்றீங்களே, உடம்பு நல்லாத்தான் இருக்கா?"

அந்தச் சந்தேகக் குரல் எனக்குப் பழையது.

1984-இல் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது; இன்சுலின் பாட்டில் தண்ணீர்ப் பானைக்கு அடியில், ஈர மணலில் இருக்கும். தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுப்படிக்குள் போன மாப்பிள்ளையின் அத்தை அதைக் கையோடு எடுத்து வந்தார்.

"இது யாருக்குங்க?"

அப்பா பதறிப்போய், "மாட்டுக்குப் போடுறதுங்க" என்றார்.

அத்தை கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தார். "மாட்டை எங்க கட்டியிருக்கீங்க?"

எங்களிடம் மாடே இல்லை.

"எனக்குத்தாங்க. தினம் போட்டுக்கிறேன், நல்லாத்தான் இருக்கேன்" என்றேன்.

"நல்லா இருக்குற பொண்ணுக்கு ஊசி எதுக்கு?" என்றார் அத்தை. வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

இன்று நான் திருப்பிக் கேட்டேன்: "நீங்க சுகர் பார்த்திருக்கீங்களா?"

"நான் எதுக்குப் பாக்கணும்? எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே!"

அரியலூர் வருவதற்குள் மூன்றாவது தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். இரண்டு தடவை கண்டக்டரிடம் கெஞ்சி பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, இறங்கி ஒதுங்கிவிட்டு வந்தார்.

எங்கள் இருவரில் யாருக்கு உடம்பு நல்லாயிருக்கிறது? நீங்களே சொல்லுங்கள். சொல்லும் முன், நீங்கள் கடைசியாக சுகர் எப்போது பார்த்தீர்கள்?