விழுந்த சுவருக்கு வெள்ளையடித்தது

பள்ளத்தூரை விட்டுச் சாக்கோட்டைச் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். விரலிடுக்கெல்லாம் சுண்ணாம்பு பட்டுப் பொத்துப்போய் எரிந்தது. என்னைப் போகச் சொன்னவள் மேல் கோபம் வரவில்லை. பசிதான் வந்தது.

அவள் கல்யாண வீடுகளில் அடுப்படி வேலை பார்ப்பவள். பெருமழையில் அவளுடைய மண்வீட்டின் பின்பாதி விழுந்து, கட்டிலில் படுத்திருந்த புருஷனின் வலது காலை நசுக்கிவிட்டது. அரசாங்கம் நிவாரணம் கொடுத்தது. அந்தப் பணத்தில் செங்கல் வாங்கினாள். கொத்தனார் வைக்கக் கட்டுப்படியாகாததால், சோற்றுக்கும் கூலிக்கும் அலைந்துகொண்டிருந்த என்னையே சுவர் வைக்கச் சொன்னாள். ஓரளவு நேராகத்தான் வைத்தேன்.

அதற்குள் விழாத வீடுகளுக்கெல்லாம் பணம் போயிருக்கிறது என்று புகார் கிளம்பி, தணிக்கைக்கு அதிகாரிகள் வரப்போவதாகச் சொன்னார்கள். வீடு விழவில்லை என்று அவர்கள் எழுதிவிட்டால் வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டும். வாங்கியது முழுக்கச் சுவராகி நின்றது.

பெரிய வீடுகளில் ஆள் வருகிறது என்றால் முதலில் வெள்ளையடிப்பார்கள். அதையே பார்த்து வளர்ந்தவள் அவள்.

"ஆபீசருக வாராக தம்பி. பூசாத செவுத்தக் காட்டுனா நம்மள என்னன்னு நெனப்பாக?" என்றாள்.

புதுச் சுவருக்கு மண் பூசி, பழைய சுவரையும் சேர்த்து வெள்ளையடித்தேன். எது எங்கே முடிகிறது என்று எனக்கே தெரியாதபடி வெளுத்துவிட்டது. வாசலில் விசேஷத்துக்குப் போடும் நடுவீட்டுக் கோலம் மாதிரி பெரிதாக ஒன்று போட்டாள். அக்கம்பக்கத்தில் இரண்டு நாற்காலி இரவல் வாங்கினாள்.

வந்தவர்கள் இரண்டு பேர். பெரியவர் காபியைக் குடித்து முடித்து, தம்ளரைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"இடிஞ்ச வீட்டுல இவ்வளவு நல்ல காபி குடிச்சதில்லம்மா. எந்தச் சுவர் விழுந்துச்சு?"

அவள் காட்டினாள். அவர் அந்தச் சுவரையும் அடுத்த சுவரையும் பார்த்தார். கூட வந்தவர் சிரித்தார். கட்டிலில் கிடந்த புருஷன் போர்வையை விலக்கிக் காலைக் காட்டினான்.

"காலுக்கு நாங்க இல்ல. அது வேற துறை," என்றார் பெரியவர்.

நான் சும்மா இருந்திருக்கலாம். அந்தச் சுவரை வைத்தது நான்தான் என்று முன்னால் போய்ச் சொன்னேன். எந்த ஊர் என்று கேட்டார். சொல்வதற்கு ஓர் ஊர் இல்லை. ஆதார் கேட்டார். அதுவும் இல்லை. அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"சாட்சிக்கு வெளியூர்லேருந்து ஆள் பிடிச்சு வச்சிருக்கீங்களாம்மா?"

படம் எடுத்துக்கொண்டார்கள். படத்தில் வீடு அழகாக விழுந்திருக்கும்.

அடுத்த வீட்டுக்காரருக்கு மழையில் ஒரு ஓடுகூட நகரவில்லை. பல வருஷமாக இடிந்து கிடந்த மாட்டுக்கொட்டகையைக் காட்டித்தான் அவர் நிவாரணம் வாங்கியிருந்தார். அதில் எருக்கஞ்செடி இடுப்பு உயரம் நின்றது. அதிகாரிகள் அங்கே தலையசைத்துவிட்டுப் போனார்கள். ஜீப் திரும்பியதும் அவர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"சம்பந்தி வாராகன்னு நெனச்சுச் சோடிச்சியாக்கும்? பொண்ணப் பிடிச்சிருக்குன்னாகளா?"

அவள் நேரே என்னிடம் வந்தாள்.

"ஒன்னய யாரு பேசச் சொன்னா? இனி இங்குட்டு நிக்காத."

சாப்பிட்டுப் போகச் சொல்வாள் என்று கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றிரவு சாக்கோட்டையில் ஒரு கடை வாசலில் படுத்தேன். காலையில் கூலிக்கு ஆள் பிடிக்கும் டீக்கடை முன்னால் நின்றபோது, மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் கடப்பாரை பிடிக்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அவருடைய வீடும் மழையில் விழுந்து, பணம் வாங்கிக் கட்டியதுதானாம். அதிகாரிகள் மதியம் அவர் ஊருக்கு வருகிறார்களாம்.

"பள்ளத்தூருப் பக்கம் ஒருத்தி வெள்ளையடிச்சுக் கெட்டாளாம்ல. கேள்விப்பட்டியா?"

கேள்விப்பட்டேன் என்றேன்.

"வெட்டுன மாதிரி தெரியக் கூடாது. மழையில சரிஞ்ச மாதிரி இருக்கணும்."

வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டேன். இட்லி வாங்கிக் கொடுத்தார். அவர் வீட்டுச் சுவர் நான் வைத்ததைவிட நன்றாக இருந்தது. நல்ல கொத்தனார் கட்டியது. அடியில் இரண்டு வரிசைக் கல்லைப் பெயர்த்து, மேல்சுவரைத் தள்ளினேன்.