மிளகாய் மில்லுக்கு மேலே, பெயர் தேடிய கருவி

போன கிழமை பாமன்கடைப் பக்கம் த்ரீவீலில் போய்க்கொண்டிருந்தபோது செத்தல் மிளகாய் அரைபடும் நெடி எங்கிருந்தோ வந்து மூக்கில் ஏறியது. விடாமல் தும்மினேன். ஓட்டிய தம்பி கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஏதும் தொற்றோ என்று அவருக்குப் பயம். எனக்கோ தும்மத் தும்ம என் முதல் வேலை ஞாபகத்துக்கு வந்தது.

கொட்டாஞ்சேனையில் ஒரு மிளகாய் மில்லின் மேல்மாடியில் எங்கள் கம்பனி இருந்தது. கம்பனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். முதலாளி, அருள், நான், கொஞ்சம் பழைய கம்ப்யூட்டர்கள், அவ்வளவுதான். கீழே மெஷின் ஓடத் தொடங்கினால் மேலே கண் எரிந்து சிவக்கும். மில் நடத்திய முஸ்லிம் பெரியவர் நானா என்னைப் படியில் கண்டால், "என்ன மகன், இன்னைக்கும் பொண்டாட்டி அடிச்சாளா?" என்று கேட்பார். எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை.

அருள் கிளிநொச்சிப் பெடியன். வெள்ளவத்தையில் ஒரு கட்டிலும் மெஸ் சாப்பாடுமாக இருந்தான். என்னைவிடக் கெட்டிக்காரன். அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. யுத்தம் முடிந்த வருடம் எங்களுக்கு ஒரு வேலை வந்தது. முகாம்களில் இருந்தவர்களை உறவினர்கள் தேடி அலைந்த காலம் அது. ஒரு தொண்டு அமைப்பு கையடக்கமான சிறு கருவி கேட்டது. பெயரையும் ஊரையும் அடித்தால் எந்த முகாம், எந்தக் கொட்டில் என்று காட்ட வேண்டும். நெட் லைன் இல்லாத இடத்திலும் ஓட வேண்டும். மெமரியோ கருவியில் கிள்ளிக் கொடுத்த அளவுதான்.

'பெர்ஃபெக்ட் ஹாஷ்' போடுவோம் என்றான் அருள். நான் அந்தப் பாடத்தைத் தூங்கியே கழித்தவன். அவன் தன் மெஸ்ஸை வைத்து விளக்கினான்.

"எங்கட மெஸ்ஸில ஒவ்வொருத்தனுக்கும் ஒரு கதிரை. ரெண்டு பேர் ஒரு கதிரைக்குச் சண்டை பிடிக்கிறதில்லை. ஒரு கதிரையும் சும்மா கிடக்கிறதுமில்லை. சமைக்கிற அன்ரி ஆளைத் தேடமாட்டா. நேரே கதிரைக்குப் போய்ச் சோத்துக் கோப்பையை வைப்பா."

பெயரின் எழுத்துகளை எண்களாக்கி ஒரு கணக்குப் போட்டால் அந்தப் பெயருக்குரிய இடம் நேரே வந்துவிடும், துழாவத் தேவையில்லை. ஆனால் கையில் இருக்கும் பெயர்களுக்கென்றே தேடிப் பிடித்த கணக்கு அது. ஒரு ஆள் கூடினாலும் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெளி ஆள் ஒருவன் வந்தால் என்ன செய்யும் என்று கேட்டேன்.

"அவனையும் ஒரு கதிரையில இருத்திப்போடும். வேற ஆரின்ரயோ சோத்தை அவனுக்குப் போடும். அதால கதிரையில பேரை எழுதிவைச்சு, நீதானோ எண்டு கேக்கோணும். அந்தச் செக்கைக் கடைசியாப் போடுவம்."

அருளின் தம்பி யுத்தத்தின் கடைசி மாதங்களில் காணாமற்போனவன். முகாம்களிலிருந்து பெயர்கள் வந்த அன்றே அருள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தான். மத்தியானம் சாப்பிடவும் இல்லை. தம்பியின் பெயர் அதில் இல்லை. அவன் கண் சிவந்திருந்தது. அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் கண் சிவந்துதான் இருக்கும் என்பதால் முதலாளி ஒன்றும் கேட்கவில்லை.

கணக்கு சரிவந்த வெள்ளிக்கிழமை இருவரும் கருவியில் பெயர்களை அடித்துப் பார்த்தோம். அடித்த கையோடு பதில் வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அருள் எதையோ அடித்துவிட்டுக் கருவியை என் பக்கம் திருப்பினான்.

"தம்பியைக் காட்டுது மச்சான்."

மேலே அவன் அடித்த தம்பியின் பெயர், ஊர். கீழே ஒரு முகாமும் ஒரு கொட்டில் இலக்கமும்.

"செக் இன்னும் போடேல்லையே, அருள்."

"தெரியும். நான்தானே எழுதினனான்."

திங்கட்கிழமை அவன் வேலைக்கு வரவில்லை. அந்தக் கணக்கு எங்கே பொய் சொல்லும் என்று உலகத்திலேயே நன்றாக அறிந்தவன், முகாம்கள் இருந்த வவுனியாவுக்குப் பஸ் ஏறிவிட்டான்.

புதன்கிழமை வந்தான். முள்ளுக்கம்பிக்கு வெளியே நின்று, அந்தக் கொட்டிலில் இருக்கும் ஆளைக் கூப்பிட்டுத் தரும்படி கெஞ்சியிருக்கிறான்.

"ஒரு அம்மா வந்தவ," என்றான். "நான் வாய் திறக்க முதலே கேட்டவ, என்ர மகனைப் பற்றி ஏதும் அறிஞ்சோ தம்பி வந்தனீங்கள் எண்டு."

"நீ என்ன சொன்னனி?"

"அழுதனான். அவவும் அழுதவ."

பிறகு கீபோர்ட்டை என் பக்கம் தள்ளினான். "அந்தச் செக்கை நீ போடு மச்சான். என்னால ஏலாது."

போட்டேன். பெயரின் சுருக்கம் ஒன்றை அந்தந்த இடத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் சில வரிகள்தான்.

"தம்பியின்ர பேரை அடிச்சுப் பார்."

அடித்தேன். 'இல்லை' என்று வந்தது.

"ஓம், சரியா வேலை செய்யுது," என்று சொல்லிவிட்டு யன்னலடியில் போய் நின்றான்.

மில் இருந்த இடத்தில் இப்போது தொடர்மாடி. நானா மௌத்தாகி அடக்கமும் ஆகிவிட்டார். அந்தக் கருவிகள் எந்த அலுமாரியில் செத்துக் கிடக்கின்றனவோ தெரியாது. அருள் வெளிநாடு போனான். கொஞ்சக் காலம் கதைத்துக்கொண்டிருந்தோம், பிறகு அந்த நம்பரும் எடுபடவில்லை. அவனுடைய தம்பியின் பெயரை நான் இடைக்கிடை போனில் தேடிப் பார்ப்பேன். வேறு யார் யாரோ வருவார்கள். அந்தப் பெடியனுக்கு இந்த உலகத்தில் ஒரு முகவரி இருந்தது அந்தச் சில நாட்கள் மட்டும்தான். அது பிழையான முகவரி. அதையும் நான்தான் அழித்தேன்.