நண்டு கொடுத்து வாங்கிய கூரை

எனக்குக் கல்யாணமாகி நாலாவது வருஷம், புரட்டாசி மாதக் கடைசி. பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டைக்குத் தெற்கே, ஏரிக்கரை மேட்டில் எங்கள் வரிசை. மொத்தம் பதினோரு வீடு. எல்லாம் மண்சுவர், பனையோலைக் கூரை, எல்லாவற்றுக்கும் ஒரே சொந்தக்காரர். ஒல்லாந்தருக்குப் பூ எழுதின துணி கொடுக்கிற வியாபாரி அவர். அவருடைய துணிக் கிடங்கு எங்கள் வரிசையின் கோடியில் இருந்ததால், கிடங்குக்காரர் என்றுதான் சொல்வோம்.

வாடகை என்று நாங்கள் கையில் எதுவும் கொடுப்பதில்லை. கப்பல் வந்தால் எங்கள் ஆண்கள் அவருடைய துணி மூட்டைகளைப் படகில் ஏற்றி, முகத்துவாரம் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதற்குத்தான் வீடு. ஆவணியில் பழைய ஓலையைப் பிரித்துப் புது ஓலை போட்டுத் தருவது அவர் பொறுப்பு என்று பேச்சு. ஆனால் வருஷத்துக்கு இரண்டு வீடு, மிஞ்சிப் போனால் மூன்று வீட்டுக்குத்தான் ஓலை வரும். மற்றவர்களுக்கெல்லாம் 'அடுத்தது உன் வீடுதான்' என்று ஒரு வாக்கு. அந்த வாக்கை எடுத்துக் கூரையில் செருகிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆள் கொடுமைக்காரர் இல்லை. இனிக்க இனிக்கப் பேசுவார். 'என் கிடங்கு உங்க வீடு மாதிரி, மழை புயல்னா தாராளமா வந்து குந்துங்க' என்று பார்க்கிறபோதெல்லாம் சொல்வார். யாரும் போனதில்லை. போக மாட்டோம் என்று அவருக்கும் தெரியும்.

நான் ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிறவள். இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றில் துழாவி எடுத்து அதில் போட வேண்டும். அந்த ஆவணியில் ஒருநாள் இறாலுக்கு விட்ட கையில் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நண்டு மாட்டியது. என் வீட்டுக்காரர் குழம்பு என்று ஆசைப்பட்டார். நான் அதன் காலை நாரால் கட்டி, கிடங்குக்காரர் மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மாவுக்கு நண்டென்றால் உயிர். நாலாம் நாள் ஓலை வண்டி என் வாசலில் வந்து நின்றது. கேட்டவர்களிடம், அவராகவே அனுப்பினார் என்று சொல்லிவிட்டேன்.

இதில் ஒன்றை மறைக்கக் கூடாது. என் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அப்போது ஏழு மாதம், தலைப்பிள்ளை. அவள் கூரைக்கு மூன்று வருஷமாக ஒரு ஓலை போடவில்லை. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் பருந்து பறப்பது தெரியும். அந்த வருஷம் 'அடுத்தது உன் வீடுதான்' என்ற வாக்கு அவளுக்குத்தான் கிடைத்திருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் நண்டைத் தூக்கிக்கொண்டு போனேன். இப்போது சொல்லும்போதும் காது சுடுகிறது.

புரட்டாசி முடிவதற்குள் முதல் மழை வந்துவிட்டது. நடுப்பகலில் வானம் இருட்டிக்கொண்டு, ஒரே கொட்டாகக் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் ஓடி வந்தார்கள். எங்கே? என் வீட்டுக்குத்தான். அந்த வருஷம் ஓலை வந்தது என் வீட்டுக்கு மட்டும்தான். வரிசையில் ஒழுகாத கூரை அது ஒன்றுதானே. பெரியவர்கள், குழந்தைகள், இரண்டு ஆடு, கருவாட்டுக் கூடைகள் எல்லாம் உள்ளே வந்து, கடைசியில் நானும் என் வீட்டுக்காரரும் வாசற்படியில் பாதி நனைந்தபடி நின்றோம். எங்கள் வீட்டில் எங்களுக்கு இடமில்லை. ஒருத்தர் தும்மினால் நாலு பேர் நகர வேண்டும். ஆடு யாரோ ஒருவருடைய முந்தானையைத் தின்றுகொண்டிருந்தது. ஆளாளுக்குச் சிரிப்பு.

பக்கத்து வீட்டுப் பெண்ணை நல்ல மூலையாகப் பார்த்து உட்காரவைத்திருந்தார்கள். அவளுக்கு இப்போது நிறைமாதம். அவள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணி, இந்த ஓலை எப்டி வந்துச்சு? நெசத்த சொல்லு."

பொய் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. "நண்டு குடுத்தேன். உனக்கு வர வேண்டிய ஓலைதான் இது," என்றேன்.

எங்காவது ஓடிவிடலாமா என்றிருந்தது எனக்கு. அப்போது கோடி வீட்டு அக்கா, வரிசையிலேயே வாய் பெரிய அக்கா, மெதுவாகச் சொன்னாள்.

"நீயாச்சும் நண்டுக்கு ஓலை வாங்கிட்டே. நான் போன வருசம் ரெண்டு கூடை இறா குடுத்தேன். ஒரு ஈர்க்குச்சி கூட வரல."

அவ்வளவுதான், அணை உடைந்தது. ஒருவர் கொடுவா மீன் கொடுத்திருக்கிறார். ஒருவர் அந்த வீட்டுக்கு நாலு நாள் விறகு பிளந்திருக்கிறார். என் வீட்டுக்காரரே எனக்குத் தெரியாமல் ஒரு கூடை கருவாடு கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. வரிசை முழுக்க ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் அந்த ஒரு வாசலுக்கு நடந்திருக்கிறோம். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. நிறைமாதக்காரி, போதும் நிறுத்துங்கள், இங்கேயே பெற்றுவிடுவேன் என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

சிரிப்பு அடங்கியதும் அக்கா கேட்ட கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றியது.

"ஏரியில எவனாச்சும் முந்திக்கினு போயி நல்ல எடத்துல வலை போட்டா சும்மா வுடுவமா? அங்க பாடு எடுக்கறோம். கூரைக்கு மட்டும் இன்னாத்துக்குத் தனித்தனியா போறோம்?"

பாடு என்பது எங்கள் ஏரியின் முறை. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று சீட்டு எடுத்து முடிவு செய்வோம். சீட்டில் வந்தது வந்ததுதான். வல்லவன், இளைத்தவன் என்ற பேச்சு கிடையாது, மாற்றிக்கொள்வதும் கிடையாது. மாற்ற விட்டால் மறுநாளே கெஞ்சலும் கையூட்டும் ஆரம்பித்துவிடும். இனிமேல் கூரைக்கும் அப்படித்தான், தனியாக யாரும் அந்த வாசலுக்குப் போவதில்லை என்று அங்கேயே கை அடித்தோம்.

மறுநாள் காலை, தூறலோடு தூறலாகக் கிளம்பினோம். சண்டைக்குப் போகவில்லை. பாய், சட்டி, ஆடு, கருவாட்டுக் கூடைகள் சகிதமாகக் கிடங்குக்குக் குடிபோனோம். நிறைமாதக்காரியை நடுவில் வைத்து அழைத்துப் போனோம். உள்ளே மச்சு வரைக்கும் பூத்துணி மூட்டைகள். முகத்துவாரத்துக்கு வெளியே கப்பல் காத்திருந்தது. மழை முற்றுவதற்குள் அது கிளம்பியாக வேண்டும். துணியில் மீன் வாடை கொஞ்சம் ஏறினாலும் கோட்டைத் துரை மூட்டையோடு திருப்பிவிடுவார். எங்கள் கருவாட்டு வாடையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

கிடங்குக்காரர் தலையில் கட்டிய துணி அவிழ ஓடி வந்தார். இதெல்லாம் என்ன என்று கேட்டார். அக்கா கும்பிட்டுவிட்டு, அவர் சொன்னபடியே மழைக்கு வந்து குந்தினோம், கருவாடு நனைந்தால் புழு வைக்கும், அதையும் கொண்டுவந்தோம் என்றாள். சொல்லிக்கொண்டே ஒரு கூடையை மூட்டைப் பக்கமாக ஒரு சாண் நகர்த்தினாள். அவர் அந்தக் கூடையைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அவருக்குச் சாமர்த்தியம் குறைவில்லை. இன்றே மூன்று வீட்டுக்கு ஓலை தருகிறேன், எந்த மூன்று என்று நீங்களே சொல்லுங்கள் என்றார். பழைய பழக்கத்தில் யாராவது முன்னால் வருவார்கள் என்று எதிர்பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. என் வீட்டுக்காரர்தான் வாய் திறந்தார்.

"பத்து வீட்டுக்கும் சொல்லுங்கையா. அப்பறம் மூட்டைய எடுத்துக்கினு நாங்களே முகத்துவாரத்துக்குப் போறோம்."

அவர் கப்பல் இருந்த திசையைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். கடைசியில் நாளைக்கு இரண்டு வீடு, ஐந்து நாளில் பத்து வீடும் என்று ஒத்துக்கொண்டார். வேடிக்கை பார்க்க வந்த அவருடைய மனைவியையே சீட்டு எடுக்கச் சொன்னோம். புதுக் கூரை போட்ட என் வீடு நீங்கலாக, பத்து ஓலை நறுக்கில் வீட்டுக்கு ஒரு குறி கீறிப் பானையில் போட்டோம். அந்த அம்மா குழந்தை மாதிரிக் குதூகலமாக ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

எட்டு சீட்டு வரைக்கும் ஒரே ஆரவாரம். ஒன்பதாவது சீட்டும் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் குறி வரவில்லை. கடைசிச் சீட்டு அவளுடையது. ஐந்தாம் நாள். அவளுக்கு வலி இன்றைக்கோ நாளைக்கோ என்றிருந்தது.

எல்லோருக்கும் முகம் சுண்டிவிட்டது. விட்டுக்கொடுக்க ஆள் இல்லாமல் இல்லை. முதல் சீட்டுக்காரர் வாயெடுத்தார். ஆனால் முதல் நாளே சீட்டை மாற்றினால் பாடு எதற்கு? அந்தப் பெண்ணே வேண்டாம் என்று தலையாட்டினாள். வந்தது வந்ததுதான் என்றாள். சொல்லும்போது கை வயிற்றின்மேல் இருந்தது.

எனக்கு அப்போதுதான் புத்தியில் பட்டது. பானையில் என் சீட்டு இல்லை. சீட்டு வீட்டுக்குத்தானே, ஆளுக்கு இல்லையே.

"சீட்ட மாத்த வாணாம். வீட்ட மாத்திக்கலாம். நீ என் வூட்ல இரு, நான் உன் வூட்ல இருந்துக்கறேன்," என்றேன்.

அவள் அழுதாள். நானும் அழுதேன். அக்கா, அழுதது போதும், பானையைத் தூக்குங்கள் என்று விரட்டினாள். வரிசையே சேர்ந்து இரண்டு வீட்டுச் சாமான்களையும் மாற்றிக் கொடுத்தது. அன்று மதியமே எங்கள் ஆண்கள் பாட்டுப் பாடிக்கொண்டு மூட்டைகளை ஏற்றினார்கள். சொன்னபடி ஓலையும் வந்தது.

நாலாம் நாள் காலை பலத்த மழை. அவள் வீட்டில், அதாவது இப்போது என் வீட்டில், ஒழுகாத இடம் எது என்று தேடித் தேடி அலுத்துப்போய், இருக்கிற சட்டி எல்லாவற்றையும் வைத்தாயிற்று. என் வீட்டுக்காரர் தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு, நண்டைக் குழம்பு வைத்திருந்தால் வாய்க்காவது ருசியாக இருந்திருக்கும் என்று கேலி செய்துகொண்டிருந்தார். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை வீறிட்டது. பிறந்தது பெண். உடம்பில் ஒரு சொட்டு மழை படவில்லை. நான் தண்ணீரில் நின்றுகொண்டு அப்படிச் சிரித்தேன், என் ஜென்மத்தில் அப்படிச் சிரித்ததில்லை.

ஐந்தாம் நாள் எங்கள் தலைக்கு மேலும் ஓலை ஏறியது. பிறகு வீட்டைத் திருப்பி மாற்றிக்கொள்ளலாம் என்று அவள் பலமுறை கேட்டாள். நான் மாற்றவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆவணியிலும் ஓலை வண்டிகள் வரும்போது, கிடங்குக்காரர் வீட்டு அம்மாதான் பானையில் கைவிட்டுச் சீட்டு எடுப்பார். நண்டு கொண்டுவந்தாயா என்று என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். வரிசையில் நாங்கள் மட்டும் புதுக் கூரைக்கு அடியில் படுத்திருந்த அந்த ஒரு மாதம் எனக்குச் சரியான தூக்கமே இல்லை. ஒழுகுகிற வீட்டுக்குக் குடிபோன அன்றுதான் கட்டை மாதிரித் தூங்கினேன். இன்றைக்கும் மழை இறங்கினால் வாசலுக்கு வந்து, கோடி வரைக்கும் பதினோரு கூரையையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.