வெளியூர்க்காரி

மண்ணூர்ப் பக்கம் எங்கள் நிலம் இருந்த இடத்தில் இப்போது ஒரு தொழிற்சாலை நிற்கிறது. நிலத்தை எடுக்க வந்தவர்கள் வீட்டுக்கு ஒரு வேலை என்றார்கள். பிள்ளைகளைப் படிக்க வையுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அப்பா நம்பினார். நான் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தேன். அவர்கள் பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேளுங்கள்.

ஆள் எடுக்கும் காண்டிராக்டர் என் ஆதார் அட்டையைத் திருப்பி, விலாசத்தைப் படித்துவிட்டு, அப்படியே கையில் கொடுத்தார்.

"லோக்கலாம்மா? லோக்கல் வேணாம்னு சொல்லிக்கிறாங்க. ஆடி மாசம் வந்தா கூழு ஊத்தணும்னு பாதி லைன் காலியாயிடுது. எதுனா பிரச்சனைன்னா ஊரையே கூட்டிக்கினு வந்து கேட்டுல நிக்கிறீங்க."

மார்க் ஷீட்டை அவர் தொடக்கூட இல்லை. அம்மனுக்குக் கூழ் ஊற்றுவது குற்றமாம், அநியாயம் நடந்தால் நாலு பேராகப் போய்க் கேட்பது அதைவிடப் பெரிய குற்றமாம். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்பார்களே, அது இதுதான்.

எங்கள் மாடியில் கணவனோடு வாடகைக்கு இருந்த தூத்துக்குடிக்காரிதான் வழி சொன்னாள். அவள் அதே தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். "தங்கச்சி, பேசாம ஆதார்ல எங்க ஊர் விலாசத்துக்கு மாத்திரு. எங்க அப்பாட்ட நான் சொல்லுதேன். இங்க நெறைய பேரு அப்படித்தான் சேந்திருக்காவ."

மாற்றினேன். வேறொரு காண்டிராக்டர் என்னை அங்கேயே சேர்த்துக்கொண்டார். கல்யாணமாகாத வெளியூர்ப் பெண்கள் ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும் என்று விதி. சொந்த வீடு பக்கத்திலேயே இருக்க, சாம்பார் என்று அவர்கள் ஊற்றிய மஞ்சள் தண்ணீரைக் குடித்துக் கிடந்தேன். கம்பெனி பஸ் எங்கள் தெருமுனையைத் தாண்டும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வேன். அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார். என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. உண்மை தெரிந்தால் அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள்.

சுதந்திர தினத்தன்று தொழிற்சாலையில் கொடியேற்றினார்கள். சுற்றியுள்ள ஊர்ப் பெண்களை வேனில் கூட்டிவந்து புடவை கொடுத்தார்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே! "இந்த மண்ணின் பிள்ளைகளுக்குக் கல்வியும் வேலையும் கொடுப்பதுதான் உண்மையான சுதந்திரம்" என்று மைக்கில் முழங்கினார் ஓர் அதிகாரி. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டித் தொலைத்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

பிறகு லட்டுத் தட்டைக் கையில் கொடுத்து, வந்தவர்களுக்குக் கொடுக்கச் சொன்னார் என் சூப்பர்வைசர். இரண்டாவது வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் புதுப் புடவை. பின்னாலேயே வந்த சூப்பர்வைசர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாம்மா, இந்தம்மா அப்படியே உன் ஜாடையா கீது? சொந்தமா?"

அம்மாதான் முந்திக்கொண்டாள். "அய்ய, இல்ல சார். இந்தப் பொண்ண நான் பாத்ததே கெடையாது."

அவர் நகரவில்லை. அம்மா ஒரு லட்டை எடுத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்த ஊரும்மா நீ?" என்று கேட்டாள், என்னைப் பெற்றவள்.

எங்கள் நிலத்தில் நின்றுகொண்டு, "தூத்துக்குடிப் பக்கங்க" என்றேன்.