அப்பாவின் சைக்கிள் என்ன நிறம்?

வானத்திலிருந்து வந்தவர்கள் மனிதர்களின் மூளைக்குள் புகுந்து ஆட்டிவைக்கும் தொடர் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் டிவியில் வரும். அவனியாபுரத்து வீட்டில் நானும் அண்ணனும் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து பார்ப்போம். இன்று பார்த்தால் சிரிப்புதான் வரும். அவர்கள் வந்த கலம் அசல் இட்லிக் குண்டான். ஆனால் எங்கள் பயம் கலத்தைப் பார்த்து வந்ததில்லை. பிடிபட்டவர்கள் அப்படியே இருப்பார்கள். அதே முகம், அதே சிரிப்பு. பெற்ற தாய்கூடக் கண்டுபிடிக்க மாட்டாள். அதை நினைத்தால்தான் குலை நடுங்கும்.

"நம்மள்ல யாரையாச்சும் பிடிச்சுட்டா எப்பிடிண்ணே கண்டுபிடிக்கிறது?" என்று ஒருநாள் கேட்டேன்.

அண்ணன் யோசித்து ஒரு சோதனை வைத்தான். அப்பாவின் சைக்கிள் என்ன நிறம் என்று கேட்க வேண்டும். அது பச்சை. ஆனால் பச்சை என்று சொன்னால் பிடிபட்ட ஆள்.

"மூளைக்குள்ள இருக்கறது அம்புட்டும் அவிங்களுக்குத் தெரியும், பாப்பா. சரியாத்தான் சொல்லுவாய்ங்க. பொய் சொல்றது மனுசனுக்கு மட்டுந்தான் வரும். அதனால நீ தப்பாத்தான் சொல்லணும்."

கொஞ்ச காலம் அந்தச் சைக்கிள் நீலம், சிவப்பு, ரோஸ் என்று வாய்க்கு வந்த நிறமெல்லாம் ஆனது. "இதுகளுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று அம்மா திட்டுவாள். பிறகு தொடர் முடிந்தது. சைக்கிளையும் விற்றுவிட்டார்கள். எனக்கு எல்லாம் மறந்துபோனது.

இப்போது அண்ணன் கோச்சடையில் இருக்கிறான். மறதி நோய். முதலில் தெரு மறந்தது, பிறகு மதினியை மறந்தான். "எம் பொண்டாட்டி மாதிரியே வேற யாரோ வந்திருக்கா" என்பான். பேயோட்டக் கோடாங்கியைப் பார்க்கலாம் என்று சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். எரிந்து விழுந்தேன். காளவாசலில் இருக்கும் என் வீட்டிலிருந்து தினமும் போய்ப் பார்ப்பேன். என்னை மட்டும் அவனுக்குத் தெரிந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் மிதப்புகூட உண்டு.

ஒருநாள் கதவைப் பாதி திறந்து என்னையே உற்றுப் பார்த்தான்.

"அப்பா சைக்கிள் என்ன நிறம்?"

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அப்பாவின் சைக்கிள் அவனுக்கு ஞாபகம் இருக்கிறதே!

"பச்சைண்ணே! பச்சை!"

அவன் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. கதவை அடித்துச் சாத்தினான். "பாப்பாவையும் பிடிச்சுட்டாய்ங்க" என்று உள்ளே அவன் விம்மியழுவது எனக்குக் கேட்டது.

மதினி பின்வாசல் வழியாக ஓடி வந்தாள். "என்னத்தச் சொன்னீக? அவர் அடங்கட்டும், கொஞ்ச நாளைக்கு வராதீக."

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த பெண் பயந்துபோய் நகர்ந்து உட்கார்ந்தாள். நோய்க்காரன் ஞாபகம் வைத்திருந்ததை, நல்லா இருக்கிற நான் மறந்து தொலைத்திருக்கிறேன்.

மதினி வரச் சொல்லும்வரை அடுப்படியில் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மஞ்சள். மஞ்சள். ஒரு பொய் சொன்னால் போதும், அண்ணன் எனக்குக் கதவைத் திறந்துவிடுவான்.

போனபோது கதவு திறந்தே கிடந்தது. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முகத்தில் பயமே இல்லை. என்னிடம் எதுவும் கேட்கவும் இல்லை. பொறுக்கமாட்டாமல் நானே ஆரம்பித்தேன்.

"அண்ணே, அப்பா சைக்கிள் மஞ்சள்தானே?"

அவன் எழுந்து எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"இல்லம்மா, பச்சை. நீங்க எங்கப்பாவப் பாத்ததில்ல போல. உக்காருங்க."

சரியாகச் சொல்லிவிட்டான். அன்றைக்கு என்னைப் பார்த்துப் பயந்து அழுதானே, அந்த அண்ணனாவது திரும்பக் கிடைத்தால் எனக்குப் போதும்.