டயருக்குச் சொன்ன விலை

ஆட்டு வியாபாரத்தில் வாங்கிய விலையை உண்மையாகச் சொன்னவர் என்று ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. அய்யலூர்ச் சந்தையில் துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவோம். துண்டை உதறித் தோளில் போட்டதும் நாலு பேர் வந்து, "எம்புட்டுக்குப் பிடிச்சீங்க பாய்?" என்று கேட்பார்கள். வாய்க்கு வந்த ஒரு தொகையைச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவோம். கேட்டவரும் அதை நம்பமாட்டார். அதையெல்லாம் பொய் என்று எங்களில் யாரும் நினைப்பதில்லை. இருபது வருஷமாக அப்படியே பழகிய வாய் என்னுடையது. அந்த வாயால் கெட்டது நானாக இருந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன்.

திண்டுக்கல்லில் எங்களுக்குக் கறிக்கடை. பண்டிகைக் காலத்தில் சந்தையை மட்டும் நம்பினால் ஆகாது. ஊர் ஊராகப் போய் ஆட்டுப் பட்டிகளிலேயே ஆடு பிடிக்க வேண்டும். அதற்காகப் பின்னால் கம்பிக்கூண்டு கட்டிய பழைய ஜீப் ஒன்று வைத்திருக்கிறேன். எனக்கு ஓட்டத் தெரியாது. பதினொரு வருஷமாக ஓட்டுபவர் ஒருவர்தான். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், மாதா கோயில் தெருக்காரர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைப் பாய் என்பார்.

எங்கள் இருவருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. மோசமான பள்ளமோ ஓடையோ வந்தால் வண்டியை நிறுத்தி, என் முகத்தைப் பார்த்து, "எறங்கட்டுமா பாய்?" என்பார். ஸ்டியரிங்கைத் தொட்டே பார்க்காத நான், பெரிய மனுஷனாட்டம், "பிஸ்மி சொல்லி எறங்குங்கண்ணே" என்பேன். அவர் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு கியரை மாற்றுவார். போன வருஷம் வரை ஒரு தடவைகூட வண்டி சறுக்கியது கிடையாது.

போன வருஷம் டயர்கள் நாலும் வழுக்கையாகிவிட்டன. மழைக்கு முன்னால் மாற்றிவிடச் சொன்னார். "நான் முன்ன சிறுமலையில எஸ்டேட் ஜீப் ஓட்டுனேன்ல, அதுல போட்டிருந்த டயரையே வாங்கிருங்க பாய். வெல கூடத்தான். ஆனா ஈரத்துல விடாது" என்றார். வாங்கிவிடலாம் என்று வாக்குக் கொடுத்தேன். நான் டயர் கடைக்குப் போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகளுக்கு மாதா கோயிலில் புதுநன்மைப் பூசை. அவரால் கூட வர முடியவில்லை.

கடைக்காரர் இரண்டு டயர்களை உருட்டிக்கொண்டு வந்து முன்னால் நிறுத்தினார். ஒன்று அண்ணன் சொன்னது. மற்றது ஏறக்குறைய பாதி விலை. பார்வைக்கு அந்தப் பாதி விலை டயர்தான் முரடாக இருந்தது. மேலே புடைத்திருக்கும் பட்டன் ஒவ்வொன்றும் கட்டைவிரல் தடிமன். ஆட்டின் முதுகை அமுக்கிக் கறி எவ்வளவு தேறும் என்று சொல்கிற கை அல்லவா, அதே கையால் இரண்டையும் அமுக்கிப் பார்த்தேன். விலை கூடியது கொஞ்சம் இளக்கமாக இருந்தது. மலிவானது கல்லு.

கடைக்காரர் நேர்மையானவர். "கல்லு, மேடுன்னா இது தாங்கும் பாய். நாள்பட ஒழைக்கும். ஆனா சேறுன்னா யோசிச்சுக்கங்க. ரப்பர் கெட்டி, பிடிக்காது" என்றார்.

எனக்குப் புரியாமல் இல்லை. நம் ஊரில் சேறு எங்கே இருக்கிறது, வருஷம் முழுக்கப் புழுதிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையில் பணமும் இல்லாமல் இல்லை. அதே வாரம் வீட்டுக்கு சோபா எடுத்தேன். விருந்தாளிகள் பார்ப்பார்களே என்று பேரம்கூடப் பேசவில்லை. டயரை யார் பார்க்கப்போகிறார்கள்? மலிவானதையே மாட்டச் சொன்னேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

திங்கட்கிழமை காலை வேலைக்கு வந்த அண்ணன் குனிந்து டயரில் எழுதியிருந்ததைப் படித்தார். "இது வேறயா இருக்கே பாய்" என்றார்.

"அதவிட நல்லதுண்ணே. புதுசா வந்திருக்கு. வெலையும் அதவிடக் கூட."

விலையை அவர் கேட்கவே இல்லை. நானாகத்தான் சொன்னேன். சந்தையில் சொல்வதுபோலச் சரளமாக வந்தது. ஒரே ஒரு வித்தியாசம், சந்தையில் கேட்பவர்கள் நம்பமாட்டார்கள். இவர் நம்பினார். "நான் சொன்னேங்கறதுக்காக இம்புட்டுச் செலவு பண்ணுனீங்களா பாய்?" என்று டயரைத் தடவிக்கொடுத்தார்.

அதன்பிறகு அவர் அந்த டயர்களைப் பராமரித்த விதம் இருக்கிறதே, அதைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். சாயங்காலமானால் உட்கார்ந்து, பட்டன் இடுக்கில் சிக்கிய கற்களை ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொன்றாக நெம்பி எடுப்பார். சந்தையில் மற்ற டிரைவர்களைக் கூப்பிட்டு, "எங்க பாய் என்னையக் கேட்டு, அதுக்கும் மேல ஒசத்தியா வாங்குனாரு" என்று காட்டுவார். நான் பக்கத்திலேயே டீயைக் கையில் வைத்துக்கொண்டு, அடக்கமான ஆளைப்போலச் சிரித்துக்கொண்டு நிற்பேன். வெட்கங்கெட்ட சிரிப்பு.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அய்யலூருக்கு அப்பால், மலையடிவாரத்துப் பட்டி ஒன்றில் பதினாலு உருப்படி பிடித்துக்கொண்டு திரும்பினோம். காலையில் வறண்டு கிடந்த ஓடையில் முழங்கால் தண்ணீர். தண்ணீர் பெரிதில்லை. அதற்கு இறங்குகிற செம்மண் சரிவுதான் களியாகிக் கிடந்தது. கூடவே வந்த பட்டிக்காரர், "செத்த நேரம் பொறுங்க, இல்லாட்டி சுத்திப் போயிருங்க" என்றார். சுற்றிப் போனால் கூடுதலாக ஒன்றரை மணி நேரம் ஆகும்.

அண்ணன் இறங்கிச் சேற்றை மிதித்துப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "பழைய டயரா இருந்தா நான் மாட்டேன்னுருவேன். இது இருக்கறதால போயிரலாம்" என்றார். பிறகு வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தார். "எறங்கட்டுமா பாய்?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். இது மட்டமான டயருண்ணே, சுத்தியே போவோம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவர் முன்னால் மானம் போய்விடுமே என்று நாக்கு ஒட்டிக்கொண்டது. பிஸ்மி சொல்லுங்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அல்லாவின் பெயரை அந்த இடத்தில் எடுக்கப் பயமாக இருந்தது. "ம்" என்றேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டார். வண்டி இறங்கியது.

பாதிச் சரிவில் சக்கரம் சுற்றுவது நின்றது, வண்டி நிற்கவில்லை. பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய் வலதுபுறமாகக் கருவேல மரத்தில் சாய்ந்தது. அவருடைய வலது கை கதவுக்கும் மரத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. இரண்டு ஆடுகள் நசுங்கிச் செத்தன. அறுக்காமல் செத்தது எங்களுக்கு ஆகாது. பட்டிக்காரர்தான் பிறகு ஓடைக்கரையில் புதைத்தார். என்மேல் ஒரு கீறல் இல்லை.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்குத் தகடு வைத்தார்கள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவர் ஒரே கதையைத்தான் சொன்னார். "டயரு மேல குத்தமில்ல. உசந்த டயரு. நான்தான் அவசரத்துல பிரேக்க மிதிச்சுட்டேன்." ஆஸ்பத்திரிச் செலவை நான் கட்டியதையும் சேர்த்துச் சொன்னார். அவருடைய மனைவி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடுக்குப் பதில் கும்பிடவும் எனக்கு யோக்கியதை இல்லை.

அடுத்த வாரமே அவர் முதலில் கேட்ட டயர்களை வாங்கி மாட்டினேன். ஒரு மாதம் கழித்து வீட்டுக்குப் பார்க்கப் போயிருந்தேன். கட்டுப் பிரித்திருந்தார்கள். பேச்சோடு பேச்சாக, "கழட்டுன டயர என்ன பண்ணுனீங்க பாய்?" என்று கேட்டார். குடோனில் கிடக்கிறது என்றேன். "வீணாப் போட வேணாம். எம் மச்சினன் சிறுமலைக்கு ஆளுக ஏத்திக்கிட்டுப் போறான்ல, அவன் ஜீப்புக்குக் குடுங்க. அம்புட்டு ஒசந்த டயரு, பட்டன் அப்படியே இருக்கு" என்றார்.

மலைப்பாதை, அதுவும் ஆட்களை ஏற்றிக்கொண்டு. இதற்கும் "ம்" சொல்லிவிட்டு வருகிற அளவுக்கு நான் கெட்டுப்போகவில்லை. சொன்னேன். பாதி விலை டயர் என்பதையும், சேற்றில் பிடிக்காது என்று கடைக்காரர் எச்சரித்ததையும் சொன்னேன். கொடுத்த விலையை ரூபாய் மாறாமல் சொன்னேன். வாங்கிய விலையை நான் உண்மையாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் கோபப்படவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மடங்காத விரல்களை இடது கையால் ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வெல கெடக்கட்டும் பாய். எறங்கறதுக்கு முன்னாடி உங்க மொகத்தப் பார்த்தேன்ல" என்றார்.

வேலையை விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். கை தேறியதும் வந்துவிட்டார். இப்போதும் அவர்தான் ஓட்டுகிறார். பாய் என்றுதான் கூப்பிடுகிறார், கொண்டுவரும் சோற்றில் எனக்கும் எடுத்துவைக்கிறார். ஆனால் பள்ளம் வந்தால் இறங்கிப்போய் மிதித்துப் பார்க்கிறார், வந்து உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொள்கிறார், வண்டியை இறக்குகிறார். என்னைக் கேட்பதில்லை.