காத்தோங் வீட்டில் ஒரு டொராண்டோ எண்

எங்கள் வீடு சிங்கப்பூரின் காத்தோங்கில் இருக்கிறது. ஆனால் அதன் கூடத்தில் இருந்த தொலைபேசிக்குப் பல ஆண்டுகளாக டொராண்டோ எண்தான். அந்த எண்ணைக் கொண்டுவந்தவர் என் மனைவியின் அக்கா கணவர். கனடாவிலிருந்து ஒருமுறை வந்தபோது, உள்ளங்கையில் அடங்கும் கறுப்புப் பெட்டி ஒன்றைக் கைப்பையிலிருந்து எடுத்தார். அதன் ஒரு வயரை இணையப் பெட்டியிலும் இன்னொன்றை எங்கள் பழைய தொலைபேசியிலும் செருகினார்.

"இனி இந்தப் போன் டொராண்டோவில இருக்கிற மாதிரித்தான். நாங்கள் அங்கயிருந்து எடுத்தா லோக்கல் கோல்" என்றார். எடுப்பது என்றால் அவர்கள் பேச்சில் அழைப்பது; எங்களை அழைத்தாலும் அது உள்ளூர் அழைப்பு. கணக்கு அவர் பெயரில் இருந்தது. கட்டணமும் அவருடைய அட்டையிலிருந்துதான் போனது.

சில ஆண்டுகளில் அவர் காலமானார். கட்டணத்தை மகன்கள் கட்டிவந்தார்கள், கணக்கு அவர் பெயரிலேயே இருந்தது. பிறகு அக்காவை மகன்கள் முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். அங்கே கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தொலைபேசி உண்டு. அதிலிருந்து உள்ளூர் எண்களை மட்டுமே அழைக்கலாம். கைத்தொலைபேசி அக்காவுக்கு ஒத்துவரவில்லை. விரல் நடுங்கும், திரை அவர் நினைக்காத இடத்துக்குப் போய்விடும். ஆகவே அவருக்கும் சிங்கப்பூருக்கும் இடையில் இருந்த ஒரே வழி அந்தக் கறுப்புப் பெட்டி.

எங்களுக்குக் காலை என்றால் அவருக்கு முந்தின நாள் மாலை. நான் பத்திரிகையின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பும்போது மணி அடிக்கும். மனைவி தோசைக் கல்லை இறக்கிவைத்துவிட்டு ஓடுவாள். பேச்சில் பெரிய செய்தி எதுவும் இருக்காது. அங்கே என்ன சூப் கொடுத்தார்கள், இங்கே செண்பக விநாயகர் கோயிலில் யாரைப் பார்த்தாள், யாருக்கு முழங்கால் வலி. நான் செய்தியறையில் வேலை பார்த்தவன். எந்தத் தாளிலும் ஒரு வரிகூட இடம் பெறாத செய்திகள் என்று நினைத்துக்கொள்வேன். அவை நின்ற பிறகு எங்கள் வீட்டில் காலை என்பதே மாறிவிட்டது.

நிற்பதற்கு முன் ஒரு சண்டை நடந்தது. முதியோர் இல்லத்தைப் பற்றித்தான். என் மனைவி பிறந்து வளர்ந்தது சிங்கப்பூரில். ஆனால் அவள் வீட்டார் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அக்காவுடனோ அக்காவைப் பற்றியோ பேசும்போது அவள் வாயில் அந்தத் தமிழ் தானாக வந்துவிடும்.

"நீங்கள் ஏன் ஓமெண்டு சொன்னனீங்கள்? பிள்ளையள் கூட்டிக்கொண்டுபோய் விட்டா, அப்பிடியே இருக்கிறதோ?"

அக்காவின் பதில் கூடத்தில் இருந்த எனக்கே கேட்டது. "என்ர பிள்ளையளைப் பற்றி நீ ஒண்டும் கதைக்கத் தேவையில்லை. பெத்திருந்தா உனக்குத் தெரியும்."

மனைவி ரிசீவரை வைத்தாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. அக்கா இந்தச் சொல்லை இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையும் எடுத்ததில்லை.

அக்கா தங்கைச் சண்டைகள் அதற்கு முன்பும் நடந்திருக்கின்றன. அவை முடிவதற்கு அந்தக் குடும்பத்தில் ஒரு முறை இருந்தது. மன்னிப்பு என்று யாரும் யாரிடமும் கேட்பதில்லை. பிழை யாருடையதாக இருந்தாலும் மூத்தவர்தான் முதலில் அழைக்க வேண்டும். அழைத்து, சண்டையே நடக்காததுபோல் வேறு ஏதாவது கேட்பார். இளையவள் பதில் சொல்லிவிட்டால் விஷயம் தீர்ந்தது. இளையவள் முந்திக்கொண்டு அழைத்தால் அது மரியாதைக் குறைவு. மூத்தவரின் உரிமையைப் பறித்ததாக ஆகிவிடும். என் மனைவியின் அம்மாவும் சித்தியும் அப்படித்தான் இருந்தார்களாம்.

ஆகவே அவள் காத்திருந்தாள். முதல் சில நாட்கள் கோபத்தோடு. பிறகு, தொலைபேசி இருந்த மேசையைத் தேவைக்கு அதிகமாகத் துடைத்தபடி.

"நீயே ஒரு தடவை எடுத்துப் பேசேன்" என்றேன்.

"நான் எடுக்கக்கூடாதப்பா. உங்களுக்கு விளங்காது. அவ எடுப்பா."

"அவங்க எடுக்கலைன்னா?"

"அப்பிடி ஒருநாளும் நடந்ததில்லை."

நடந்திருந்தது வேறு. பெட்டியைத் தயாரித்த நிறுவனம் ஓர் இரவில் தன் பெட்டிகளுக்கெல்லாம் இணையம் வழியாகப் புதிய மென்பொருளை அனுப்பியிருந்தது. யாரும் கேட்காமல், யாரிடமும் சொல்லாமல், பெட்டி அதைத் தானே வாங்கித் தானே நிறுவிக்கொண்டது. புதிய மாடல்களுக்கு அது புதுப்பிப்பு. எங்களுடையது போன்ற பழைய மாடல்களுக்கு அது முடிவு. அன்றுமுதல் நிறுவனத்தின் கணினி எங்கள் பெட்டியை அடையாளம் கண்டுகொள்ள மறுத்தது. டொராண்டோவில் அந்த எண்ணை அழைத்தவர்களுக்கு, இந்த எண் இப்போது பயன்பாட்டில் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு பெண்குரல் சொன்னது.

எங்கள் பக்கத்தில் எந்த அடையாளமும் தெரியவில்லை. மின்சாரத்துக்கு ஒரு பச்சை விளக்கு, இணையத்துக்கு ஒன்று. இரண்டும் எரிந்தன. மூன்றாவது விளக்கு பேசும்போது மட்டும் எரிவது. யாராவது ரிசீவரை ஒருமுறை எடுத்துக் காதில் வைத்திருந்தால் போதும், உள்ளே சத்தமே இல்லை என்று தெரிந்திருக்கும். மற்றவர்கள் எல்லோரும் எங்களைக் கைத்தொலைபேசியில்தான் அழைப்பார்கள். மனைவியோ வீட்டுத் தொலைபேசியைத் தொடுவதில்லை. தொட்டால், அழைக்கப் போனவள் என்று ஆகிவிடும். யாரும் பார்க்காவிட்டாலும் அவளுக்கே அப்படி ஆகிவிடும். மேசையைத் துடைக்கும்போதும் தொலைபேசியை நகர்த்தாமல் அதைச் சுற்றியே துடைத்தாள்.

டொராண்டோவில் இருக்கும் அக்காவின் மூத்த மகனிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்தபோது நாங்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம்.

"சித்தி, ஏன் நம்பரை வெட்டினனீங்கள்? ஃபைட் பண்ணினா இப்பிடிச் செய்றதா? அம்மா ஒவ்வொரு நாளும் ட்ரை பண்ணி, ரெக்கார்டிங்கைக் கேட்டுட்டு அழுகிறா. இப்ப அழுகிறதையும் விட்டுட்டா."

மனைவி எழுந்துபோய் ரிசீவரை எடுத்தாள். காதில் வைத்தாள். என்னிடம் நீட்டினாள். நான் கேட்டேன். ஒன்றுமில்லை.

"இஞ்ச பாருங்கோ, அவ எடுத்திருக்கிறா" என்றாள். "எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறா."

பெட்டியைக் கழற்றித் தேக்கா கடைத்தெருவுக்குக் கொண்டுபோனேன். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் கைத்தொலைபேசி பழுது பார்க்கும் கடைகள் வரிசையாக உண்டு. கடைக்காரர் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அங்கிள், இன்னும் வீட்டு போனா? மியூசியத்துல கேட்டாங்கன்னா சும்மா குடுத்துடாதீங்க, நல்ல விலை போகும்."

"பழுது பாக்க முடியுமா?"

மடிக்கணினியில் செருகி ஏதோ தேடினார். "பழுதே இல்ல அங்கிள். பெட்டி புதுசு மாதிரி இருக்கு. கம்பெனிக்காரன் அப்டேட் அனுப்பி ஆஃப் பண்ணிட்டான். இந்த மாடல் வச்சிருந்தவங்க எல்லாருக்கும் இதே கதைதான். ஆன்லைன்ல திட்டித் தீர்க்கிறாங்க பாருங்க."

"பழைய மென்பொருளையே திரும்பப் போட முடியாதா?"

"போட்டாலும் அந்தப் பக்கம் கதவைத் திறக்கணும்லா. அவன் பூட்டு மாத்திட்டான். புதுப் பெட்டி வாங்கச் சொல்றான், அவ்வளவுதான். வித்தவனே வந்து உடைச்சுட்டு, இன்னொண்ணு வாங்குன்னா என்ன அர்த்தம்?" பெட்டியை என் பக்கம் தள்ளினார். "பேப்பர் பறக்காம மேல வச்சுக்கலாம்."

புதுப் பெட்டி வாங்குவதில் எனக்குத் தயக்கம் இல்லை. எனக்கு வேண்டியது பழைய எண். அக்காவின் நினைவு அதற்குள் அங்கங்கே கிழியத் தொடங்கியிருந்தது. நேற்றுச் சாப்பிட்டது மறக்கும். மருந்து விழுங்கியது மறக்கும். அந்தப் பத்து இலக்கங்கள் மட்டும் அவர் விரலில் இருந்தன. புதிய எண்ணை எழுதிக் கட்டிலருகே ஒட்டினாலும் பழையதைத்தான் அழுத்துவார் என்று மகன் சொல்லியிருந்தான்.

நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேச ஆள் இல்லை. இணையத்தில் எழுதித்தான் கேட்க வேண்டும். பதில் எழுதியவர் மனிதரா இயந்திரமா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. பழைய மாடல்களுக்கான ஆதரவு முடிவதாகக் கணக்கு உரிமையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பப்பட்டது என்றது பதில். அவர் இறந்துவிட்டார் என்று எழுதினேன். ஆழ்ந்த அனுதாபங்கள் என்று வந்தது. எண்ணைப் புதிய பெட்டிக்கு மாற்ற வேண்டுமானால் கணக்கு உரிமையாளரே எங்களைத் தொடர்புகொள்ள வேண்டும் என்று அடுத்த வரி வந்தது. அவர் இறந்துவிட்டார் என்று மறுபடி எழுதினேன். அனுதாபம் மறுபடி வந்தது, அதே சொற்களில். மகன் இறப்புச் சான்றிதழை அனுப்பிப் பார்த்தான். பயன்படுத்தப்படாத எண் திரும்பப் பெறப்பட்டுவிட்டது, வேறு எண்ணைத் தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். கடைசியில் எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு கேள்வியும் வந்தது.

நாற்பது ஆண்டுகள் நான் பிறர் எழுதியதைத் திருத்தியிருக்கிறேன். பொய்யை வெட்டலாம், மிகையை வெட்டலாம். அந்தப் பதில்களில் வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வாக்கியமும் சரியாகவே இருந்தது.

முறையை விட்டுவிட்டு மனைவி தானே அழைக்கத் துணிந்தது அதன் பிறகுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் இல்லத்துக்குப் போய்த் தன் கைத்தொலைபேசியில் காணொளி அழைப்பு போட்டான். அக்கா திரையைப் பார்த்தார். முகம் மெலிந்திருந்தது. தலை வாரி விட்டிருந்தார்கள்.

"அக்கா, நான்தான். பெட்டி பழுதாப்போச்சு. நான் வெட்டேல்லை, அக்கா."

அக்கா மகனைப் பார்த்தார். "போனில கதைக்க விருப்பமில்லாத ஆள் டிவியில வாறாவோ? நிப்பாட்டு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவன் எத்தனை முறை நீட்டினாலும் திரையைப் பார்க்க மறுத்துவிட்டார்.

மனைவி வேறு வழி பார்த்தாள். இல்லத்தின் பொது எண்ணுக்குத் தன் கைத்தொலைபேசியிலிருந்து அழைத்தாள். தாதி அக்காவின் அறைக்கு இணைப்புக் கொடுத்தாள். மனைவி ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்திருந்தாள், நானும் கேட்டேன்.

"அக்கா, நான் சிங்கப்பூரில இருந்து."

"சிங்கப்பூரோ? அங்க எனக்கும் ஒரு தங்கச்சி இருக்கிறா. நீங்கள் ஆர் பிள்ளை?"

மனைவி என்னைப் பார்த்தாள். குரல் தெரியவில்லையா, தெரிந்தும் ஏற்கவில்லையா என்று எங்கள் இருவருக்குமே புரியவில்லை. அக்காவின் கணக்கில் தங்கை ஒருநாளும் தானாக அழைக்கமாட்டாள். ஆகவே அழைப்பவள் தங்கையாக இருக்க முடியாது. கிழிந்த நினைவிலும் அந்த ஒரு விதி நேராக நின்றது.

"கோயிலால எடுக்கிறன்" என்றாள் மனைவி, கோயிலிலிருந்து அழைப்பவள்போல். "சும்மா சுகம் விசாரிக்க."

"நல்லது பிள்ளை. ஆர் இப்ப இப்பிடி விசாரிக்கினம்?"

"உங்கட தங்கச்சி எடுக்கிறேல்லையோ?"

"அவ நம்பரை வெட்டிப்போட்டா. நான் ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டன், சொல்லக்கூடாத சொல்லு. அதுக்குப் பிறகு நான் ஒவ்வொரு நாளும் எடுத்தனான். ஒரு வெள்ளைக்காரி வந்து ஆள் இல்லை எண்டு சொல்லுறாள். ரோஷக்காரி அவ. சின்னனில இருந்தே அப்பிடித்தான்."

மனைவி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டு, சாதாரணக் குரலில், "அவ உங்களோட கோபமில்லை எண்டு எனக்குத் தெரியும்" என்றாள்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்? அவவைத் தெரியாதவை அப்பிடித்தான் சொல்லுவினம்" என்று அக்கா சிரித்தார்.

இப்போது வாரத்தில் சில காலைகளில் மனைவி கோயில்காரியாக அழைக்கிறாள். தானே தங்கை என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பகிடி விடாதையுங்கோ பிள்ளை, விளையாட இதுதானோ விஷயம் என்று அக்கா அழைப்பைத் துண்டித்துவிட்டார். அதனால் இனிச் சொல்வதில்லை. தங்கையைப் பற்றி அக்கா சொல்லும் குறைகளை உட்கார்ந்து கேட்கிறாள், நடுவே ஓம் ஓம் என்கிறாள். முடியும்போது அக்கா தவறாமல் நன்றி சொல்கிறார், கடவுள் உங்களுக்கு ஒரு குறையும் வைக்கமாட்டார் என்கிறார்.

நேற்று அவள் பேசி முடித்துக் கைத்தொலைபேசியை மேசையில் வைத்தாள்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை" என்றாள். "என்னோட இவ்வளவு தன்மையா அவ ஒருநாளும் கதைச்சதில்லை."